இரண்டு கரையிலும் கேட்ட குருகு

நாணல் குருகின் குரல் கேட்டது என்று முதலில் எழுதியவள் அவள்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேறு யாரையும் கைகாட்ட அவளுக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துவது அவள் வேலை. அச்சகத்துக்கு மேலே மை வாடை அடிக்கும் ஒரு மாடி அறை, கால் சரியில்லாத நாற்காலி, ஜன்னல் ஓரம் ஒரு பழைய கணினி. விலங்கியல் பட்டம் வீட்டுச் சுவரில் சட்டத்துக்குள் தொங்கியது. "மூணு வருஷம் மிருகத்தையெல்லாம் படிச்சுட்டு இப்போ கமா பொறுக்கறா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்லுவான். அண்ணன் லாரி ஓட்டுபவன். வண்டி அவனுடையதில்லை, வாய் மட்டும் சொந்தம்.

பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில், உர விளம்பரத்துக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவே, அவளுக்கென்று ஒரு சின்னக் கட்டம் விட்டிருந்தார்கள். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் யார் எந்தப் பறவையைப் பார்த்தார்கள் என்ற செய்தி அதில் வரும். ரயில் நிலையக் கூரையில் தகைவிலான் கூடு கட்டியிருக்கிறது, தயவுசெய்து வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போடவும். இந்த மாதிரி. பெயர் போடாமல்தான் எழுதினாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு அந்தக் கட்டம் போதுமானதாக இருந்தது.

பறவை பார்க்கிறவர்கள் அந்த வட்டாரத்தில் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலே இருப்பார்கள். அவர்களுக்குள் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்ட பறவை கணக்கில் வர வேண்டுமானால், இரண்டு பேர் இரண்டு இடங்களில் நின்று ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். மற்றது, கூடு கட்டும் காலத்தில் ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு ஆண் புகுந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். இதை வருடா வருடம் பருவம் தொடங்கும்போது அவளே தன் கட்டத்தில் எழுதுவாள்.

ஊருக்கு வெளியே இருந்த சதுப்பைத் தூர்த்து லாரி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள் என்று அந்த வருடம் செய்தி வந்தது. வட்டார அதிகாரி கூட்டிய கூட்டத்துக்கு அவளும் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் சேர்த்துப் பேசியது பல் டாக்டர்தான். நாற்பது வயதுக்காரி. இத்தனை வருடமாக ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், தன் வாயை மூடப் பழகவில்லை.

"நாணல் குருகு கூடு வைக்கிற இடம் சார் அது" என்றாள் டாக்டர்.

"யாராவது பார்த்தீங்களா?"

"முன்னாடி கேட்டிருக்கோம்."

"முன்னாடி அங்க என் பாட்டனார் மீன் பிடிச்சாராம்" என்றார் அதிகாரி. சபை சிரித்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "ஒரு மாசம் தர்றேன், இப்ப இருக்குன்னு காட்டுங்க. நானே திட்டத்தை வேற இடத்துக்குத் தள்ளறேன்."

குருகு கண்ணில் படுகிற பறவை இல்லை. நாணல் நிறத்திலேயே நாணலுக்குள் நிற்கும். காற்றில் நாணல் அசைந்தால் அதுவும் கூடவே அசையும். இருக்கிறது என்பதற்கு அதன் குரல்தான் சாட்சி. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அப்படி ஒரு அடங்கிய ஒலி. அந்திப் பொழுதில் தண்ணீரின் மேல் வெகுதூரம் போகும். அந்தப் பருவத்தில் அவள் மாலை தவறாமல் கிழக்குக் கரையில் போய் நின்றாள். தவளை கத்தியது. நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்பு நாமக்கோழிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு நீந்தின. குருகு மட்டும் வாயே திறக்கவில்லை.

அதிகாரி கொடுத்த தவணை முடிகிற வாரம், அண்ணனின் லாரியிலிருந்து பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்குடி குருவி?" என்று அண்ணன் கேட்டான். குருவி என்பது அவளுக்கு அவன் வைத்த பெயர்.

"ஆபீஸ்ல ஒரு விழா."

"உங்க ஆபீஸ்ல விழாவா? யாராவது எழுத்துப்பிழை இல்லாம எழுதிட்டானா?"

அவள் ஸ்பீக்கரைப் பைக்குள் திணித்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் காது இரண்டும் சுட்டன.

பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் இணையதளத்தில் முதலாவதாக இருந்த பதிவைத்தான் இறக்கியிருந்தாள். அந்தியில் கிழக்குக் கரையில் நின்று ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினாள். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மேற்கிலிருந்து, நாணல் காட்டுக்கு அப்பால் எங்கோ, பதில் வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டு, இன்னொரு முறை ஓடவிட்டாள். மறுபடியும் பதில். இருட்டும் வரைக்கும் இப்படியே மாறி மாறிப் போயிற்று.

வீட்டுப் படி ஏறுவதற்குள் பல் டாக்டரின் போன்.

"ஏய், கேட்டுச்சுடி! நான் மேற்குக் கரைல நின்னேன். கிழக்கேர்ந்து தெளிவா கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு டாக்டரக்கா. மேற்கேர்ந்து."

பேசிக்கொண்டே அவள் உள்ளே போனாள். பிறகு அவள் வரைபடத்தை விரித்தாள். கிழக்குக் கரையிலிருந்து மேற்கே ஒரு கோடு, மேற்குக் கரையிலிருந்து கிழக்கே ஒரு கோடு. இரண்டும் சதுப்பின் நடுவே, நாணல் மிக அடர்ந்த திட்டின் மேல் ஓடின. அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேர், இரண்டு இடம், ஒரே மாலை. கட்டுப்பாட்டின்படி இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஸ்பீக்கரைப் பற்றி அவள் டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

ஆறாம் பக்கக் கட்டத்துக்கு வந்த செய்தியை ஆசிரியர் முதல் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார். அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. திட்டத்தை நிறுத்தி வைத்தார். கோப்புக்கு ஒலிப்பதிவுகளை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று கேட்டார். டாக்டர் தன் பதிவை அவளுக்கு அனுப்பினாள், இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லி.

மாடி அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் டாக்டரின் பதிவைக் கேட்டாள். குருகு அழைத்தது. மறுபடி அழைத்தது. அந்த வரிசை முடிகிற இடத்தில் தூரத்தில் ஒரு நாய் இரண்டு முறை குரைத்தது. அடுத்த வரிசை முடியும்போதும் அதே நாய், அதே இரண்டு குரைப்பு. அவள் தன் பதிவைத் திறந்தாள். அதில் மேற்கிலிருந்து வந்த பதிலின் கடைசியிலும் அந்த நாய் இருந்தது. அன்று மாலை பக்கத்துச் செங்கல் சூளையில் ஏதோ நாய் என்று நினைத்திருந்தாள். கடைசியாக, இணையத்திலிருந்து இறக்கியதைத் திறந்தாள். எந்தத் தேசத்து நாயோ, இரண்டு முறை குரைத்துவிட்டு ஓய்ந்தது.

அவளுடைய ஸ்பீக்கரை டாக்டர் கேட்டிருக்கிறாள். டாக்டருடைய ஸ்பீக்கரை அவள் கேட்டிருக்கிறாள். நடுவில் நாணல் மட்டும் இருந்தது.

டாக்டரின் மருத்துவமனை மூன்றே அறை. நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்திருந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற. பல் வலியா?"

"டாக்டரக்கா, அன்னைக்கு நீங்க ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போனீங்களா?"

டாக்டரின் கை நின்றது. நாற்காலியில் இருந்தவர் கண்ணை மட்டும் உருட்டி இருவரையும் பார்த்தார்.

"நீங்க கொப்பளிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் அவளைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.

"நீயுமா?"

அவள் தலையாட்டினாள்.

டாக்டர் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு தண்ணீர் மட்டும் மிச்சமிருந்தது.

"ரெண்டு பொம்பளைங்க கால் மணி நேரம் குருகு பாஷைல குசலம் விசாரிச்சிருக்கோம்."

"அதிகாரிகிட்ட சொல்லிடலாம் அக்கா."

"சொன்னா? மறுநாளே மண் கொட்டுவான்." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "நமக்குக் கேட்கலைன்னா அது இல்லைன்னு ஆயிடுமா? உள்ள எங்கயாவது இருக்கும்டி. அந்த நாயை மட்டும் எடுத்துடு."

அவள் எடுத்தாள். வாக்கியத்தில் தேவையில்லாத சொல்லை எடுப்பதைப் போல நாயை இரண்டு பதிவுகளிலிருந்தும் வெட்டி எடுத்தாள். இவ்வளவு சுத்தமாகத் தன்னால் செய்ய முடியும் என்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அதிகாரியின் உத்தரவு பத்திரிகைக்கு வந்தது. 'சதுப்பு நிலத்தில் நாணல் குருகு இருக்கும் காலம் வரை பணிகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன.' அந்த வாக்கியத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. அதைப் போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

"உன் குருகுக்கு அரண்மனை. எங்க வண்டிக்கு நிக்க நிழல் இல்ல" என்றான் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே.

"விடுடா. வாயில்லா ஜீவன்" என்றாள் அம்மா.

"வாயில்லாததா? வாய் இருந்ததாலதானே இத்தனை கூத்தும்."

அவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூட்டம் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள், பிறகு தூரத்து நகரங்களிலிருந்து. கேமராவுக்குப் பீரங்கி மாதிரி லென்ஸ் மாட்டியிருந்தார்கள். நாணலை மிதித்து வழி போட்டார்கள். மாலையானால் ஒவ்வொருவர் பையிலிருந்தும் ஒரு ஸ்பீக்கர் வெளியே வந்தது. எல்லோரும் இறக்கியிருந்தது இணையத்தில் முதலாவதாக இருந்த பதிவைத்தான். வடகரையில் ஒருவர் போட, தென்கரையில் இருந்தவர் கேட்டுப் புல்லரித்துப் போனார். அவர் போட, வடகரைக்காரர் புல்லரித்தார். சதுப்பைச் சுற்றி நாலா பக்கமும் அந்த நாய் குரைத்தது. வாரத்துக்கு வாரம் அவளுக்கு வரும் செய்திகள் கூடின. ஒரு ஜோடி இருக்கிறது, இல்லை, மூன்று ஆண்கள் இருக்கின்றன, குஞ்சுகூடப் பொரித்துவிட்டது என்று எழுதினார்கள். ஆசிரியர் கட்டத்தை அரைப் பக்கமாக்கினார்.

"உன்னால பத்திரிகைக்கு மூச்சு வந்துச்சும்மா" என்றார்.

ஒரு காலை அவள் கிழக்குக் கரையில் இறங்கி நடந்தாள். மிதிபட்ட நாணலுக்கு நடுவே நாமக்கோழிக் கூடு ஒன்று சரிந்து கிடந்தது. முட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். தண்ணீரைப் போலவே குளிர்ந்திருந்தது. அதற்கு அடுத்த கூடும் அப்படித்தான். எத்தனையோ வருடமாக யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதால் நிம்மதியாக இருந்த பறவைகள், இல்லாத ஒரு பறவைக்காக வந்தவர்களின் காலில் மிதிபட்டுப் போய்விட்டன.

கரையில் முக்காலியை நட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "ஸ்பீக்கர் போடாதீங்க சார், கூடு வைக்கிற காலம்" என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்காத குரல்.

"ஒரே ஒரு தடவைம்மா" என்றார் அவர். "பத்திரிகைல எழுதினவங்க மட்டும் கேட்டா போதுமா? நாங்களும் கேட்க வேணாமா?"

அன்று மாலை டாக்டரிடம் போனாள். நோயாளி யாரும் இல்லை. நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"உண்மையை எழுதிடறேன் அக்கா."

"எழுதினா லாரி வரும்."

"எழுதலைன்னா இவங்க வர்றாங்க. ரெண்டுல எது வந்தாலும் அங்க ஒண்ணும் மிஞ்சாது."

டாக்டர் ஊசிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே யோசித்தாள். "பறந்து போயிடுச்சுன்னு எழுதேன். பருவம் முடிஞ்சு போச்சு, அடுத்த வருஷம் வரும்னு. கூட்டம் கலைஞ்சுடும். உத்தரவு அப்படியே இருக்கும். யாருக்கும் நோகாது."

அவளுக்கு அது சரியாகப் பட்டது. அந்த வேளையில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் சரியாகத்தான் பட்டிருக்கும். 'நாணல் குருகு வடக்கு நோக்கிப் பறந்து செல்வது காணப்பட்டது' என்று எழுதினாள். காணப்பட்டது என்று போட்டால் யார் கண்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்து உடனே வேலை செய்தது. வந்த வேகத்தில் கூட்டம் வடிந்தது. சதுப்பில் மறுபடி தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. மிதிபட்ட நாணல் நிமிர்ந்தது. மீந்திருந்த நாமக்கோழிகள் கிழக்கு மூலையில் புதிதாகக் கூடு போட்டன. பருவம் கடந்து போய் இட்ட முட்டைகள்தான், ஆனாலும் அவற்றின் மேல் பறவை உட்கார்ந்திருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள்.

அதிகாரியின் அடுத்த உத்தரவு இரண்டே வரி. குருகு சென்றுவிட்டதால் பணிகள் உடனே தொடங்கும். அதில் திருத்த ஒரு பிழைகூட இல்லை. முந்தைய உத்தரவை எடுத்து வைத்து மறுபடி படித்தாள். 'இருக்கும் காலம் வரை.' முன்பு படித்தபோது அவள் பார்த்தது விடுபட்ட ஒற்றெழுத்தை மட்டும்தான்.

அதிகாரியின் அறைக்குத் தனியாகவே போனாள். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"நானே கூப்பிட்டு நன்றி சொல்லணும்னு இருந்தேன். பறவை போயிடுச்சுன்னு நீங்களே எழுதினீங்களே. மத்தவங்களா இருந்தா மறைச்சிருப்பாங்க."

"சார், நாமக்கோழி திரும்ப முட்டை போட்டிருக்கு. குஞ்சு பொரிச்சு நீந்தற வரைக்கும் மட்டும்..."

"நாமக்கோழியா? எங்க வீட்டுப் பின்னாடி குட்டைலயே நீந்துதே."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "குருகு எங்கயும் போகல சார்."

"போகலையா?"

"வரவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனின் ஸ்பீக்கர், இணையத்துப் பதிவு, வெட்டி எடுத்த நாய், வடக்கு நோக்கிப் பறந்தது வரை. அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். எதிர்க்கரையில் ஸ்பீக்கர் வைத்தது யார் என்று அவர் கேட்டபோது மட்டும் தெரியாது என்றாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"இதைப் போன மாசம் சொல்லியிருந்தா உங்க மேல நடவடிக்கை எடுத்திருப்பேன்" என்றார். "இப்ப சொல்றீங்க. இருந்துட்டுப் போனாலும் இப்ப அங்க குருகு இல்ல. வரவே இல்லைன்னாலும் இல்ல. என் உத்தரவுல ஓர் எழுத்து மாறாதும்மா." மணியை அடித்தார். "டீ சாப்பிடறீங்களா?"

டாக்டர் வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"என்னையுமா?"

"இல்ல."

டாக்டர் வண்டியைக் கிளப்பினாள்.  வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "பல்லு கில்லு வலிச்சா வா" என்றாள். அதற்குப் பிறகு டாக்டர் சதுப்புப் பக்கம் வரவே இல்லை.

மண் லாரிகள் மேற்குக் கரையிலிருந்து தொடங்கின. வரிசையில் அண்ணனின் வண்டியும் இருந்தது. கிழக்குக் கரையில் நின்றிருந்தவளைப் பார்த்து அவன் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தான். பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்து ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தவன், விட்டுவிட்டான்.

"எங்க இருக்கு உன் கோழி?"

காட்டினாள். மூலையில், கரையோரத்துக் கோரையோடு சேர்த்துக் கட்டிய கூடு. மேலே கறுப்பாக ஒரு முதுகு, வெள்ளையாக ஒரு நெற்றி.

"மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். இந்த மூலையைக் கடைசியா மூடுவாங்க. சரியா?"

"சரிண்ணா."

"அழுவாதே. அதான் கடைசியா மூடறாங்கன்னு சொல்றேனே."

அவன் போனான். அவனிடம் அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மண் விழ விழ, அங்கிருக்கும் தண்ணீர் எல்லாம் இந்த மூலைக்குத்தான் வரும்.

காலையில் கூட்டுக்குக் கீழே ஒரு சாண் கோரைத் தண்டு தெரிந்தது. மதியத்துக்குள் அது மறைந்துவிட்டது. கூட்டின் விளிம்பில் தண்ணீர் ஏறியதும் பறவை எழுந்தது. அடுத்த நாணல் புதருக்கு நீந்திப் போய் ஒரு தண்டை ஒடித்துக்கொண்டு வந்து முட்டைகளுக்கு அடியில் செருகியது. மறுபடி போனது. அதன் ஜோடியும் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு தண்டை இழுத்துக்கொண்டு வந்தது. அக்கரையில் லாரி பின்னால் வந்து மண்ணைக் கவிழ்த்தது. அலை மெல்ல வந்து கூட்டை ஆட்டிவிட்டுப் போயிற்று. பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த தண்டுக்குப் போயின.